மூளை ஏன் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்கிறது?

மாணவர்களே, வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டிய வரலாற்று இடுபணியை வியாழன் இரவு பதினொரு மணிக்குத் தொடங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஆசிரியர் மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருப்பார். ‘சோம்பேறி’ என்று வீட்டில் திட்டும் விழும். மூளை ஆய்வாளர்களைக் கேட்டால் வேறு காரணங்களும் சொல்வார்கள்.

நெற்றிக்கு நேர் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்கு முன்நெற்றிப் புறணி என்று பெயர். ஒரு வேலையைத் திட்டமிடுவது, தகவலைச் சற்று நேரம் மனத்தில் பிடித்து வைப்பது, அலைபாயும் மனத்தை அடக்குவது, ஒரு வழி சரிவராவிட்டால் வேறு வழிக்கு மாறுவது ஆகியவற்றில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இவற்றை ‘நிர்வாகச் செயல்பாடுகள்’ என்பார்கள். மூளையில் கடைசியாக முதிர்ச்சி அடையும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. ஏறக்குறைய 25 வயது வரை அங்கே வேலை நடக்கிறது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை படிந்து செய்தி வேகமாகப் போகிறது. அதிகம் பயன்படாத இணைப்புகள் நீக்கப்படுகின்றன. உடனடி மகிழ்ச்சியைத் தேடும் பகுதிகளோ பதின்ம வயதிலேயே சுறுசுறுப்பாக இருக்கின்றன. கைப்பேசி ‘டிங்’ என்றதும் பேனா கீழே போவதில் வியப்பில்லை. (இதை அம்மாவிடம் சாக்காகச் சொல்லிவிடாதீர்கள். கட்டி முடியாத வீட்டிலும் குடியிருக்கத்தான் வேண்டும்!)

வயது மட்டும் காரணமல்ல. நேரத்தைக் கணிப்பதில் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல் இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயரிட்டனர். ரோஜர் புயூலரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட கனடிய ஆய்வு ஒன்றைப் பாருங்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம், “எத்தனை நாளில் முடிப்பீர்கள்?” என்று கேட்டார்கள். சராசரி விடை ஏறக்குறைய 34 நாள். “எல்லாமே மோசமாகப் போனால்?” என்றதற்கு ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் பிடித்தது 55 நாளுக்கும் மேல்! அதாவது, அவர்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலையைவிட நடந்தது மோசம்.

காரணம் என்ன? கணிக்கும்போது நம் மனம் தடங்கலே இல்லாத ஒரு படத்தை ஓட்டிப் பார்க்கிறது. அந்தப் படத்தில் அச்சுப்பொறியில் மை தீர்வதில்லை, தம்பி மடிக்கணினியைக் கேட்பதில்லை, உறவினர் வீட்டுத் திருமணமும் வருவதில்லை. போன முறை நடந்ததை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதே குழுவினரின் இன்னொரு சோதனையில், பழைய அனுபவத்தை நினைவுகூர்ந்து அதை வைத்தே கணிக்கச் சொன்னபோது இந்தப் பிழை மறைந்துவிட்டது. எனவே இடுபணி கையில் கிடைத்ததும், “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்காதீர்கள். “போன தடவை எவ்வளவு நேரம் ஆனது?” என்று கேளுங்கள். விடையை நாட்குறிப்பில் எழுதுங்கள். மனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கைந்து செய்திகளுக்கு மேல் அங்கே தங்குவது கடினம்.

நேரம் தெரிந்தாலும் தொடங்குவது எப்படி? ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைச் சோதித்தார். கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுத்தவர்களில் பத்தில் ஏழு பேராவது நேரத்தில் எழுதினர். மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே எழுதினர். ‘இந்த வாரம் வரலாறு செய்வேன்’ என்பது ஆசைதான். ‘புதன்கிழமை கால்பந்துப் பயிற்சி முடிந்து குளித்தவுடன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முன்னுரை எழுதுவேன்’ என்பது திட்டம். குளித்து முடிப்பதே உங்களுக்கு மணியடித்துவிடும். மனஉறுதியோடு மல்லுக்கட்டும் வேலை குறையும்.

இத்தனையும் செய்து பார்த்த பிறகும், பொருள்களைத் தொலைப்பது, பாதியில் விடுவது, கவனம் சிதறுவது என்று சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரலாம். அதற்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் காரணமாக இருக்கலாம். அது சோம்பலோ வளர்ப்பின் குறையோ அல்ல. மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. மருத்துவரால் கண்டறிய முடியும். சிகிச்சையும் பயிற்சியும் உண்டு. அப்படி ஐயம் இருந்தால், பெற்றோரிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் இந்த வாரமே பேசுங்கள். எந்த நாள், எந்த வேளை என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.