வலிப்பு நோயும் தாய்மையும்: திருவனந்தபுரத்துப் பதிவேடு தந்த விடைகள்

மனித குலம் நெடுங்காலமாக அறிந்துள்ள நோய்களுள் வலிப்பு நோயும் ஒன்று. மூளையின் நரம்பணுக்களில் திடீரென அளவு மீறி எழும் மின் கிளர்ச்சியே இதற்குக் காரணம் என்பதை விஞ்ஞானம் ஐயமற நிறுவியுள்ளது. எனினும், இதனைப் பேயின் செயல் என்றும், சித்தப் பிரமை என்றும், குலத்தின் மீது விழுந்த சாபம் என்றும் கருதும் மனப்பான்மை நம் நாட்டினின்றும் இன்னும் முற்றாக அகன்றபாடில்லை. ஆடவர்க்கு இந்நோய் ஒரு துன்பம் எனில், பெண்டிர்க்கு அது இரட்டைத் துன்பமாகும். திருமணம், கருத்தரிப்பு, பிரசவம், பாலூட்டல், மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் நோயும் அதற்குரிய மருந்தும் அவர்கள் முன் புதிய வினாக்களை எழுப்புகின்றன.

கல்வியில் முன்னணியில் நிற்கும் கேரளத்தின் நிலையையே நோக்கலாம். அம்மாநிலத்தின் நடுப் பகுதியில் ஏறத்தாழ 2,38,000 மக்களிடையே நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஐவர் வீதம் வலிப்பு நோய் உடையவர்கள் எனக் கணக்கிட்டது. அவ்வாய்வின்போது கருத்து வினவப்பட்டவர்களுள் நூற்றுக்கு 31 பேர் இது பரம்பரை நோய் என்றும், 27 பேர் இது ஒருவகைப் பைத்தியம் என்றும் கூறினர். இத்தகைய கருத்துகளின் சுமை மணப்பருவம் எய்திய பெண்ணின் மீதே பெரிதும் விழுகிறது. 2007ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து வெளியான மற்றோர் ஆய்வில், மணத்திற்கு முன்பே நோய் கண்டிருந்த 82 பெண்கள் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் திருமணப் பேச்சின்போது தம் நோயை மறைத்திருந்தனர். நோயை மறைத்தவர் மாத்திரையையும் மறைவாகவே உட்கொள்ள வேண்டும். மறைவாக உட்கொள்ளும் மாத்திரை வேளை தவறும். வேளை தவறினால் வலிப்பு வரும். மறைக்க எண்ணிய நோய் இவ்வாறு தானே வெளிப்பட்டுவிடுகிறது.

சட்டமும் ஒரு காலத்தில் இப்பெண்களுக்கு எதிராகவே நின்றது. 1976ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற இந்து திருமணச் சட்டம், அடிக்கடி வலிப்புக்கு உள்ளாகிறவர்களைப் பித்துற்றோரோடு ஒருங்கு வைத்து, அவர்களை மணத்திற்குத் தகுதியற்றவராகக் கருதியது. 1999ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அச்சட்டத்தினின்றும் வலிப்பு என்னும் சொல்லை நீக்கியது. சட்டம் போட்டிருந்த தடை அகன்றது. ஆயினும் மருத்துவம் விடை கூற வேண்டிய வினா ஒன்று எஞ்சி நின்றது. வலிப்பு மருந்தை உட்கொண்டுவரும் பெண் நலமாகக் கருவுற்று, நல்ல மகவை ஈன்றெடுக்க இயலுமா என்பதே அது.

இருதலைக் கொள்ளி

வலிப்பு நோய்க்கு நல்ல மருந்துகள் கிடைக்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். பீனோபார்பிட்டாலின் பயன் 1912ஆம் ஆண்டில் ஜெர்மனியிலும், பெனிடாயினின் பயன் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் வெளியாயின. 1962ஆம் ஆண்டில் வால்புரோயேட் என்னும் பொருளின் வலிப்படக்கும் ஆற்றல் பிரான்சில் கண்டறியப்பட்டது. பலவகை வலிப்புகளையும் அடக்க வல்லதாகையால் அது உலகெங்கும் பரவியது. ஆனால் 1982ஆம் ஆண்டில் அந்நாட்டின் லியோன் நகரத்து மருத்துவர்கள் ஓர் அபாயத்தைச் சுட்டிக் காட்டினர். கருவுற்ற தொடக்கத்தில் அம்மருந்தை உண்ட தாய்மார்களின் சிசுக்களுள் சிலவற்றுக்கு முதுகெலும்புப் பிளவு காணப்பட்டது.

அவ்வாறாயின் மருந்தை நிறுத்திவிடலாமே எனத் தோன்றலாம். அதுவும் ஆபத்தே. உடல் முழுவதையும் உலுக்கும் வலிப்பு வரும்போது கர்ப்பிணி கீழே விழக்கூடும்; நீரில் மூழ்கக்கூடும்; மூச்சுத் தடைப்பட்டுத் தாய்க்கும் கருவுக்கும் பிராணவாயு குறையக்கூடும். உயிரிழப்பும் நேர்வதுண்டு. மருந்தை உண்டால் கருவுக்கு அச்சம், உண்ணாவிடில் இருவர்க்கும் அச்சம் என்ற இந்நிலையை இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை எனலாம்.

இங்குக் காலமும் தாய்க்கு எதிராகவே நிற்கிறது. கருவின் முதுகுத் தண்டாகவும் மூளையாகவும் பின்னர் வளர வேண்டிய நரம்புக் குழல், கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்குத் தள்ளிப் போனதைக் கண்டு, தான் கருவுற்றதை ஒரு பெண் உறுதி செய்துகொள்ளும் வேளையில் அப்பணி பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். அதன் பின்னர் மருந்தை மாற்றுவதால் நரம்புக் குழலில் நேர்ந்த குறையைப் போக்க இயலாது.

கேரளப் பதிவேடு

எம்மருந்தில் எவ்வளவு அபாயம் என்பதை அறிவது எவ்வாறு? ஒரு புதிய மருந்தைச் சோதிக்கையில், நோயாளிகளைத் திருவுளச் சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு அம்மருந்தை அளித்து, மற்றப் பிரிவினரோடு ஒப்பிடுவது வழக்கம். கருவிலுள்ள சிசுவின் வாழ்வை அவ்வாறு சீட்டுக்கு விடுவதை மருத்துவ அறம் ஏற்காது. ஆகவே எஞ்சும் வழி ஒன்றே. தத்தம் நோய்க்கேற்ற மருந்தை ஏற்கெனவே உண்டு வரும் பெண்களைப் பதிவு செய்துகொண்டு, அவர்களுடைய கருவின் போக்கைத் தொடக்கமுதல் இறுதிவரை பொறுமையுடன் குறித்து வருதல் வேண்டும். இத்தகைய பதிவேடு பிரிட்டனில் 1996ஆம் ஆண்டிலும், வட அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே, 1998ல், திருவனந்தபுரத்தில் ‘கேரள வலிப்பு நோய், கர்ப்பப் பதிவேடு’ தோன்றியது.

இப்பதிவேட்டின் இருப்பிடம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்பக் கழகமாகும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1973ஆம் ஆண்டில் வழங்கிய கட்டிடத்தில் வேர்கொண்ட இந்நிலையம், 1980ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாகத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பெற்று, மத்திய அரசின் விஞ்ஞான, தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கி வருகிறது. கேரளத்தவரேயன்றி, கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்தினரும் சிகிச்சைக்காக இதனை நாடிச் செல்வதுண்டு. பதிவேட்டைத் தொடங்கி நடத்தியவர் அங்கு நரம்பியல் பேராசிரியராக விளங்கிய டாக்டர் சஞ்சீவ் வி. தாமஸ் ஆவார்.

பதிவேட்டின் முறை எளியது. ஆனால் கடும் உழைப்பை வேண்டுவது. கருத்தரிக்கும் முன்னரோ, கருவுற்ற முதல் மூன்று மாதங்களிலோ பெண்கள் பெயர் பதிந்துகொள்வர். இவ்விதி முக்கியமானது. குழந்தை பிறந்த பின்னர் வருவோரைச் சேர்த்துக் கொண்டால், குறையுள்ள குழந்தையின் தாய்மார்களே மிகுதியாக வருவர், கணக்கும் பிழைபடும். பதிந்துகொண்டவர்களுக்கு நேர்ந்த வலிப்புகள், உண்ட மருந்து, அதன் அளவு ஆகியவை குறிக்கப்படுகின்றன. கர்ப்ப காலத்தில் கேளா ஒலி அலைகளைக் கொண்டு கருவின் உறுப்புகள் சோதிக்கப்படுகின்றன. பிறந்த குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் இருதயச் சோதனையும், ஓராண்டு நிறைந்த பின் அறிவு, இயக்க வளர்ச்சிச் சோதனையும் நடைபெறுகின்றன. பள்ளி வயதை அடைந்த குழந்தைகள் சிலரின் மொழித் திறன், மலையாளத்திலேயே அமைக்கப்பெற்ற தேர்வைக் கொண்டு அளக்கப்பட்டது. தாய்மொழியில் வினவினாலன்றிக் குழந்தையின் உண்மைத் திறன் வெளிப்படாது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

வெளிப்பட்ட உண்மைகள்

முதலாவது உண்மை ஆறுதல் அளிப்பதாகும். பதிவேட்டின் 1,297 கர்ப்பங்களை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரையின்படி, ஏறத்தாழப் பாதிக் கர்ப்பங்களில் வலிப்பு வரவேயில்லை. கருத்தரிப்பதற்கு முந்திய மாதத்தில் வலிப்பு வந்திருந்தவர்களுக்குக் கர்ப்ப காலத்திலும் வலிப்பு வரும் வாய்ப்பு பன்மடங்கு மிகுந்திருந்தது. பிரசவத்தையொட்டிய மூன்று நாட்களே வலிப்பு மிகுதியாக நேரும் காலம் என்பதும் புலனாயிற்று. முன்னரே நோயை அடக்கிவிட்டுக் கருத்தரிப்பதும், பிரசவத்தை வசதியுள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்வதும் எத்துணை அவசியம் என்பதை இவை காட்டுகின்றன.

இரண்டாவது உண்மை கவலைக்குரியது. பதிவேட்டில் சேர்ந்து, குழந்தைப் பேற்றை விரும்பிய 375 பெண்களுள் 144 பேர், அதாவது நூற்றுக்கு 38 பேர், கருத்தரிக்கவில்லை என 2010ஆம் ஆண்டின் ஆய்வொன்று தெரிவித்தது. மருந்தே உண்ணாதவரிடையே இவ்விகிதம் நூற்றுக்கு 7 ஆகவும், ஒரு மருந்து உண்டோரிடையே 32 ஆகவும், இரு மருந்துகள் உண்டோரிடையே 41 ஆகவும், மூன்றோ அதற்கு மேலோ உண்டோரிடையே 60 ஆகவும் இருந்தது. பல மருந்துகள் தேவைப்படுவோரின் நோயும் கடுமையானதாகவே இருக்கும் என்பதை இங்கு மறத்தலாகாது. எனினும், ஒரு மருந்தால் அடங்கக்கூடிய நோய்க்குப் பல மருந்துகளை எழுதித் தருதல் நன்றன்று என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

மூன்றாவது உண்மை மருந்துகளிடையேயுள்ள வேறுபாடு. கருவில் வால்புரோயேட்டுக்கு உட்பட்ட சிசுக்கள், கார்பமசெபினுக்கு உட்பட்டவற்றைவிட வளர்ச்சிச் சோதனையில் பின்தங்கியதைத் திருவனந்தபுரத்து ஆராய்ச்சியாளர்கள் 2008ஆம் ஆண்டில் தெரிவித்தனர். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆறு வயதுக் குழந்தைகளிடையே நிறைவுற்ற ஆய்வும் இதையே உறுதி செய்தது. கருவில் வால்புரோயேட்டுக்கு உட்பட்டவர்களின் சராசரி அறிவு ஈவு 97 ஆகவும், லாமோட்ரிஜினுக்கு உட்பட்டவர்களின் சராசரி 108 ஆகவும் இருந்தன. 2018ஆம் ஆண்டில் 42 நாடுகளின் 7,355 கர்ப்பங்களைத் தொகுத்து வெளியான பன்னாட்டு அறிக்கை, பெரும் உறுப்புக் குறைகளின் விகிதத்தை மருந்துவாரியாக அளித்தது. வால்புரோயேட்டுக்கு நூற்றுக்கு 10.3, பெனிடாயினுக்கு 6.4, கார்பமசெபினுக்கு 5.5, லாமோட்ரிஜினுக்கு 2.9, லெவெட்டிரசெட்டாமுக்கு 2.8. மருந்தின் அளவு கூடுந்தோறும் வால்புரோயேட்டின் அபாயமும் கூடுகிறது. இவ்வறிக்கையின் ஆசிரியர்களுள் டாக்டர் தாமஸும் ஒருவர். அதே ஆண்டில் பிரிட்டன், கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு, உரிய கருத்தடை ஏற்பாடின்றி வால்புரோயேட் வழங்குதலாகாது என விதித்தது.

இவ்வெண்களை வேறொரு கோணத்திலும் நோக்குதல் தகும். அபாயம் மிகுந்த வால்புரோயேட்டிலேயே நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு கர்ப்பங்களில் பெரும் உறுப்புக் குறை காணப்படவில்லை. வலிப்பு நோயுடைய பெண்களுக்குத் தாய்மையை மறுப்பதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமில்லை என்பது தெளிவு.

சுரப்பு நீர்களின் செல்வாக்கு

பெண்ணுடலின் சுரப்பு நீர்களும் வலிப்போடு தொடர்புடையவை. ஈஸ்ட்ரோஜன் மூளையின் கிளர்ச்சியைத் தூண்டும்; புரோஜெஸ்டிரோன் அதனைத் தணிக்கும். மாதவிலக்குக்குச் சற்று முன்னர் புரோஜெஸ்டிரோன் விரைந்து குறைவதால், சில பெண்களுக்கு அந்நாட்களில் வலிப்பு மிகுகிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் பெருகுவதால் லாமோட்ரிஜின் உடலினின்றும் விரைவில் வெளியேறுகிறது. வழக்கமான அளவு அப்போது போதாமற் போகலாம். மாதவிடாய் நிற்கத் தொடங்கும் காலத்தில், சுரப்பு நீர்களின் ஏற்றத்தாழ்வால் சிலருக்கு வலிப்பு கூடுவதும், முற்றிலும் நின்ற பின்னர், மாதவிலக்கையொட்டி வலிப்பு கண்டவர்களுக்கு அது தணிவதும் உண்டு. அடிக்கடி வலிப்பு வரும் பெண்களுக்கு மாதவிடாய் சற்று முன்னதாகவே நின்றுவிடுவதாகவும் அறியப்பட்டுள்ளது. பெனிடாயின், பீனோபார்பிட்டால் போன்ற மருந்துகளை நெடுங்காலம் உண்டோர்க்கு எலும்பு வலுவிழக்கக்கூடும் என்பதால், அப்பருவத்தில் எலும்பின் நிலையைச் சோதித்துக் கொள்ளுதல் நலம்.

மக்கள் அறிய வேண்டுவன

வலிப்பு நோயுடைய பெண், திருமணம் நிச்சயிக்கப்படும் காலத்திலேயே நரம்பியல் மருத்துவரைக் கலந்து ஆலோசிக்க வேண்டும். மருந்தை மாற்றவோ குறைக்கவோ உரிய காலம் கருத்தரிப்பதற்கு முந்திய மாதங்களே. போலிக் அமில மாத்திரையையும் அப்போதே தொடங்குதல் வேண்டும். கருவுற்றதை அறிந்த அச்சத்தில் தானாகவே மருந்தை நிறுத்துதல் கூடாது. பிரசவத்திற்குப் பின் பெரும்பாலான தாய்மார் மருந்தை உண்டுகொண்டே தாய்ப்பால் ஊட்டலாம். உறக்கமின்மை வலிப்பைத் தூண்டுமாதலால், இரவில் குழந்தையைப் பேணும் பொறுப்பில் கணவரும் மாமியாரும் பங்கு கொள்ள வேண்டும். தாய் தனித்திருந்து குழந்தையை நீராட்டுதல் தவிர்க்கத்தக்கது. தரையில் அமர்ந்து பாலூட்டுவது பாதுகாப்பானது.

இவ்வறிவுரைகளுள் எதுவும், நோயை மறைத்து வாழும் பெண்ணுக்குப் பயன்படாது. பதிவேட்டில் பெயர் பதிந்த ஒவ்வொரு பெண்ணும் தன் நோயை மறைக்காது கூறி, தன் கர்ப்பத்தின் கணக்கை ஒப்படைத்ததாலேயே மேற்கண்ட உண்மைகள் கிடைத்தன. பெயர் வெளிவராத அப்பெண்கள் பின்வரும் தாய்மார்களுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. அதன் பயன் முழுமையாகக் கிட்ட வேண்டுமாயின், நோயை மறைக்க வேண்டிய நிர்ப்பந்தம் எந்தப் பெண்ணுக்கும் நேராதவாறு குடும்பத்தாரும் சமூகத்தாரும் நடந்துகொள்ளுதல் கடமையாகும்.