ஒல்லிக் குழந்தைக்குள் ஒளிந்த கொழுப்பு

புனே விமான் நகர் அடுக்குமாடிகளில் “குழந்தை ஒல்லியாவே இருக்கானே” என்று புலம்பாத வீடு குறைவு. அந்த ஒல்லியைத்தான் அதே புனேவின் கே.இ.எம். மருத்துவமனை டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் அளந்தார்கள். 1993-இல், அருகிலுள்ள 6 கிராமங்களில், பெண்கள் கருத்தரிக்கும் முன்பே ஆய்வு தொடங்கியது. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்டனில் 3.5. இங்கே தசை வெகுவாகக் குறைவு. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை! அதே பிள்ளைகளை 6, 12, 18 வயதிலும் விடாமல் தேடிப்போய் அளந்தார்கள். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! கர்ப்பத்தில் ஃபோலேட் சத்து மிகுந்து, வைட்டமின் பி12 குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கே 6 வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகம்.