எக்ஸ்ரே ரூம் வேலை பெண்களுக்கு ஆபத்தா? உண்மை என்ன?

``பொண்ணு ரேடியாலஜி டெக்னீஷியன் கோர்ஸ் படிக்கணும்ங்கிறா. ரேடியேஷன் பட்டா நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு வரும்போது பிரச்னையாகிடாதா?’’

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. அதே கோர்ஸைப் பையன் கேட்டால், பெரும்பாலும் ஃபீஸ் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால், அதிக அளவு கதிர்வீச்சு ஆண்களின் விந்தணுக்களையும் பாதிக்கும். அதனால் இந்தக் கேள்வியை இருவருக்குமே கேட்கணும்.

பயம் சும்மா வந்ததில்லை. முதல் உலகப்போரில் எக்ஸ்ரே கருவி பொருத்திய கார்களோடு போர்முனைக்குப் போனவர் மேரி கியூரி. சுமார் 150 பெண்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். டீன் ஏஜில் இருந்த மகள் ஐரீனும் கூடவே உழைத்தார். அப்போது பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. பல வருடங்கள் கதிர்வீச்சோடு வேலை பார்த்த மேரி 1934-ல் ரத்த நோயாலும், ஐரீன் 1956-ல் ரத்தப் புற்றுநோயாலும் இறந்தார்கள்.

இன்றைய நிலைமை வேறு. எக்ஸ்ரே எடுப்பவர் தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் பட்டனை அழுத்துகிறார். தேவைப்படும்போது லெட் ஏப்ரன் போட்டுக்கொள்கிறார். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி பேட்ஜ் சொல்லிவிடும்.

இந்தியாவில் இதற்கான விதிகளை வகுப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஊழியருக்கான வரம்பு, 5 வருட சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவுதான். கர்ப்பமானால் நிர்வாகத்திடம் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு மீதமுள்ள மாதங்களில் கருவுக்கான வரம்பு வெறும் 1 மில்லி சீவர்ட். இயற்கையாகவே நம் எல்லோர் மீதும் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் படுகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எம்.ஆர்.ஐ ஸ்கேனில் இந்த வகைக் கதிர்வீச்சே கிடையாது.

அப்புறம் ஏன் ஆண் வேலை, பெண் வேலை என்று பிரிகிறது?

மேமோகிராமில் மார்பகத்தைக் கையால் சரியாகப் பொருத்தி அழுத்த வேண்டும். நோயாளியின் கூச்சத்தை மனதில்வைத்து, பெண்களையே நியமிக்கிறார்கள். இங்கிலாந்தின் அரசுப் பரிசோதனைத் திட்டத்திலும் அப்படித்தான். அமெரிக்காவில் அல்ட்ராசவுண்ட் எடுக்கும் டெக்னீஷியன்களில் பெரும்பான்மை பெண்கள். இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்க டெக்னீஷியன்களுக்கு வழியில்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பவர் தகுதிபெற்ற டாக்டராக இருக்க வேண்டும்.

விபத்து கேஸ்கள் குவியும் நைட் ஷிஃப்ட் சி.டி ஸ்கேன் என்றால், ``ஜென்ட்ஸ் பார்த்துக்கட்டும்’’ என்பார்கள். அக்கறையாகத் தெரியும். ஆனால், அவசர கேஸ் அனுபவம் கிடைக்காத பெண்ணுக்கு, நாளைக்கு சீனியர் பொறுப்பு கேட்கும்போது அதுவே குறையாக நிற்கும். துணைக்கு ஓர் ஆள், வீட்டுக்குப் போக ஒரு வண்டி... இந்த ரெண்டையும் நிர்வாகம் கொடுத்தாலே பாதிப் பிரச்னை முடிந்தது.

இந்தத் துறைக்குப் போகப்போறீங்களா? இன்டர்வியூவில் மூணு கேள்வி கேளுங்க. என் பேர்ல டி.எல்.டி பேட்ஜ் தருவீங்களா? கர்ப்ப காலத்தில் டூட்டி மாத்தித் தருவீங்களா? நைட் ஷிஃப்ட்டுக்கு வண்டி உண்டா?

பையனா இருந்தாலும் முதல் கேள்வியை மறக்காம கேளுங்க ப்ரோ!