விமான நிலைய வாயிலில் ஓர் அழைப்பு

நம் அயலில் வாழும் மூதாட்டி ஒருவர், மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையிருக்கச் சில ஆண்டுகளுக்கு முன் கனடா சென்றார். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் அவர் இறங்கியபோது மருமகன் வந்து சேரவில்லை. கடும் பனியினால் வீதிகள் அடைபட்டிருந்தன. பெட்டியோடு தயங்கி நின்றவரிடம் கறுப்பு மேலங்கி தரித்த ஒருவன் பணிவோடு வந்தான். லிமோசின் ஆயத்தமாக நிற்கிறது, வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை என்றான். விடை வருமுன்னே பெட்டியைத் தூக்கிக்கொண்டான். பெட்டி போன வழியே அம்மையாரும் போனார். ஸ்காபரோவில் மகள் வீட்டு வாயிலில் அவன் கேட்ட தொகை, முறையான வண்டிக் கூலியைப் போல் இருமடங்கு! பணம் கைக்கு வரும்வரை பெட்டியை இறக்க மறுத்தான்.

இஃது ஒருவர்க்கு மாத்திரம் நேர்ந்த இடரன்று. இவ்வாறு பயணிகளை அழைத்துச் செல்வோருக்கு அந்நகரத்தார் ‘ஸ்கூப்பர்’ எனப் பட்டம் சூட்டியுள்ளனர்; அள்ளிச் செல்பவர் என்பது பொருள். லிமோசின் என்றதும் செல்வர் ஏறும் நீண்ட ஊர்தி நம் நினைவுக்கு வரலாம். ஆனால் அங்கே அப்பெயர் பெரும்பாலும் சாதாரணக் கறுப்புக் காரையே குறிக்கும். ஆதலால் உரிமம் பெற்ற கார் எது, பெறாத கார் எது என்று புதிதாய் வருபவர் கண்டறிதல் அரிது.

முறையான ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நாம் அறிதல் நன்று. விமான நிலைய அதிகார சபையின் உரிமம் பெற்ற சாரதி, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி, தன் முறை வரும்வரை காத்திருக்கிறான். வரிசைப்படி அவனுக்குப் பயணி கிடைக்கிறார். உரிமமற்றவனோ கட்டணமும் செலுத்துவதில்லை, காத்திருப்பதுமில்லை. வாயிலிலேயே பயணியைக் கவர்ந்து கொள்கிறான். பயணியின் பணத்தோடு, மணிக்கணக்காகக் காத்திருந்த மற்றொரு தொழிலாளியின் கூலியும் இதனாற் பறிபோகின்றது. “ஏழையின் பிழைப்பைத் தடுக்கலாமா?” எனச் சிலர் கேட்பர். வரிசையிற் காத்திருப்பவனும் பெரும்பாலும் பிற நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழையே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. கூலிக்கு ஆளேற்றும் வண்டிக்குத் தனியான காப்புறுதி வேண்டும். சொந்தப் பாவனைக்கென எடுத்த காப்புறுதியோடு ஓடும் வண்டி விபத்துக்குள்ளானால், இழப்பீடு மறுக்கப்படவும் கூடும்.

அரசு வாளாவிருக்கவில்லை. ஒன்ராறியோ மாகாணம் 2005 ஆம் ஆண்டில் தன் பெருந்தெருப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, உரிமமின்றிக் கூலிக்கு ஆளேற்றுதலைக் குற்றமாக்கியது. வண்டி ஓட்டுபவன் மாத்திரமன்றி, அவ்வாறு ஏற்றுவிக்க ஏற்பாடு செய்பவனும் அச்சட்டத்துக்கு உட்படுவான். எனினும் குற்றத்தை மெய்ப்பித்தல் எளிதன்று. “இவர் என் நண்பர்” என்று சாரதி சொல்லிவிட்டால், மறுத்துரைக்க வேண்டிய பயணியோ களைத்து வீடு சேர்ந்திருப்பார். சாட்சி சொல்ல எவர் மீண்டும் வருவார்?

ஆகவே, தண்டனையோடு விலையையும் வெளிப்படுத்துதல் வேண்டும். அமெரிக்காவின் நியூயோர்க் நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அங்கும் விமான நிலையங்களில் உரிமமின்றிப் பயணிகளை அழைத்தல் குற்றமே. அத்துடன், கென்னடி விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்குச் செல்லும் மஞ்சள் டாக்ஸிகளுக்கு 1996 ஆம் ஆண்டில் 30 டொலர் என ஒரே கட்டணம் விதிக்கப்பட்டது. 2022 டிசெம்பரில் அது 70 டொலராயிற்று. சில மேலதிக வரிகளும் வீதிக் கட்டணமும் அதனோடு சேரும். கூலி இவ்வளவென்று முன்னரே அறிந்தவரை ஏமாற்றுதல் கடினம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளவு தெரிந்தாலன்றோ அளக்க முடியும்?

யாழ்ப்பாணத்திலிருந்தும் ஏனைய ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைக் காணப் பெற்றோர் பலர் ரொறன்ரோ செல்லும் காலம் இது. அவர்கட்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: முறையான வண்டி ஆளைத் தேடி உள்ளே வராது, ஆளே அதன் வரிசையைத் தேடிச் செல்லவேண்டும். கைத்தொலைபேசி மூலம் அழைத்த வண்டியாயின் அதன் இலக்கமும் சாரதியின் பெயரும் முன்னரே தெரிந்திருக்கும். நகரின் நடுவிலுள்ள யூனியன் நிலையத்துக்கு 2015 முதல் தனிப் புகைவண்டியும் ஓடுகிறது; 25 நிமிடப் பயணம். மாணவர்களே, உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ புறப்படுமுன், செல்லும் வீட்டின் முகவரி, தொலைபேசி இலக்கம், வண்டிக் கூலியின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் கையிற் கொடுங்கள். நீங்கள் கற்ற கல்விக்கு அதுவும் ஒரு பயனாகும்.

நாம் முதலிற் கூறிய அம்மையார் இரண்டாவது பேரப்பிள்ளையைக் காண மீண்டும் கனடா சென்றுவந்தார். இம்முறையும் ஒருவன் பணிவோடு அணுகினானாம். “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று வினவினோம்.

“பெட்டியின் பிடியை நான் விடவில்லை, தம்பி” என்றார்.