கோல் விழுந்தது, கைதட்ட ஆள் இல்லை!

கொல்கத்தா கால்பந்து ரசிகர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற கதை

2020-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு. கோவாவில் வாஸ்கோ நகரின் திலக் மைதானத்தில் விளக்குகள் எரிந்தன. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில் பிஜி நாட்டு ஆட்டக்காரர் ராய் கிருஷ்ணா ஒரு கோல் போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் மன்வீர் சிங் இன்னொன்று போட்டார். மோகன் பகானுக்கு 2-0 என்று வெற்றி.

கொல்கத்தாவாக இருந்தால் அந்தச் சத்தம் பல தெருக்கள் தள்ளிக் கேட்டிருக்கும். வாஸ்கோவில் ஆட்டக்காரர்களின் கூச்சலும் நடுவரின் ஊதலும்தான் கேட்டன. காலரிகள் காலி!

ஹவுராவில் இருந்து வாஸ்கோவுக்கு ரெயில் உண்டு. ஆனால் ரெயில் ஏறிப் போனாலும் உள்ளே விடமாட்டார்கள். கொரோனா கட்டுப்பாடு. அந்த சீசன் முழுவதும் எல்லா அணிகளையும் கோவாவிலேயே தங்கவைத்து, வெளியாள் நெருங்காமல் ஆட்டங்களை நடத்தினார்கள்.

மீனும் பந்தும்

வங்காளத்தில் இந்த ஆட்டம் வெறும் விளையாட்டு அல்ல. மோகன் பகான் 1889-ல் தொடங்கியது. 1911 ஜூலை 29-ந் தேதி, பூட்சு போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய கிளப் அது. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்தவர்கள் அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்தார்கள். பிரிவினையில் வீடு வாசல் இழந்து அகதிகளாக வந்தவர்களுக்கு, தலை நிமிர்ந்து நிற்க அந்த சிவப்பு-மஞ்சள் கொடி ஒன்றுதான் இருந்தது.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் உல்லம் மீன் குழம்பு. வங்காளிகள் அதை 'இலிஷ்' என்பார்கள். மோகன் பகான் ஜெயித்தால் அந்த வீடுகளில் இறால். யார் ஜெயித்தார்கள் என்று பத்திரிகை பார்க்க வேண்டாம். மீன் கடையில் எதற்கு விலை ஏறியது என்று கேட்டால் போதும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

டிக்கெட் கிடைக்காதவன் சும்மா திரும்பிப் போவதும் அங்கே வழக்கம் இல்லை. பழைய நாளில் கல்கத்தா மைதானத்தில், கோட்டை அருகே மேட்டில் நின்று, அட்டையில் செய்த பெரிஸ்கோப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தார்கள். 1997 ஜூலை 13-ந் தேதி பெடரேஷன் கோப்பை அரைஇறுதிக்கு சால்ட் லேக் ஸ்டேடியத்தில் திரண்டவர்கள் 1 லட்சத்து 31 ஆயிரத்து 781 பேர்! பாய்ச்சுங் பூட்டியா 3 கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது.

அப்படிப்பட்ட ஊரில்தான் 2020 மார்ச்சில் கதவு மூடியது.

வாசலுக்கு ரெயில் வந்தது, ஆட்டம் வரவில்லை

2020 ஜனவரி 19-ந் தேதி சால்ட் லேக்கில் நடந்த ஐ-லீக் ஆட்டத்தில் மோகன் பகான் 2-1 என்று ஜெயித்தது. மறு ஆட்டம் மார்ச் 15-ந் தேதி என்று குறித்திருந்தார்கள். இதற்கிடையே பிப்ரவரி 13-ந் தேதி புதிய மெட்ரோ ரெயில் பாதை திறக்கப்பட்டு, ஸ்டேடியம் பக்கத்திலேயே நிலையம் வந்துவிட்டது. இனி பஸ்சில் தொங்க வேண்டாம் என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

மார்ச் 10-ந் தேதி கல்யாணியில் ஐசால் அணியை 1-0 என்று வென்று, இன்னும் 4 ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே மோகன் பகான் பட்டத்தை உறுதி செய்துகொண்டது. மார்ச் 15-ந் தேதி ஆட்டமே ஒரு திருவிழாவாக இருந்திருக்கும். முதலில், பார்வையாளர் இல்லாமல் ஆடலாம் என்றார்கள். பிறகு ஆட்டமே இல்லை என்றார்கள். ஏப்ரலில் லீக் அத்துடன் முடிந்ததாக அறிவித்தார்கள். சாம்பியனுக்குக் கோப்பை கைக்கு வரவில்லை. அக்டோபர் 18-ந் தேதிதான், ஒரு ஓட்டலில் வைத்து அதைக் கொடுத்தார்கள். அன்று கட்டுப்பாட்டையும் மறந்து பச்சை-அரக்குக் கொடியுடன் தெருவில் திரண்டது கூட்டம். ஏழு மாதம் அடக்கிவைத்த மூச்சு!

ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கு வேறு விதமான வேதனை. அந்த ஆகஸ்டு 1-ந் தேதி கிளப்புக்கு நூறு வயது நிறைந்தது. நூறு ஆண்டில் ஒரு முறை வரும் நாள் ஊரடங்குக் காலத்தில் வந்தது.

ஓடாத ரெயில், விற்காத கடலை

கொல்கத்தாவில் பந்து பார்க்கும் கூட்டத்தில் பாதி, புறநகர் ரெயிலில் வரும் கூட்டம். பாராசாத், நைஹாட்டி, சந்தன்நகர் என்று தொலைவில் இருந்து சியால்டாவிலும் ஹவுராவிலும் வந்து இறங்குவார்கள். அந்த ரெயில்கள் 2020 மார்ச் 23-ந் தேதி நின்றன. நவம்பர் 11-ந் தேதிதான் மறுபடி ஓடின. அடுத்த ஆண்டு மே மாதம் மீண்டும் நின்று, அக்டோபர் கடைசியில் ஓடின. ஸ்டேடியம் திறந்திருந்தாலும் போகும் வழி இல்லை.

1898-ல் தொடங்கிய கல்கத்தா லீக்கும் 2020-ல் நடக்கவில்லை. லீக் நடந்தால் கடலை விற்பவர், மண் குவளையில் டீ விற்பவர், கொடியும் தொப்பியும் விற்பவர் என்று பலர் வீட்டில் அடுப்பு எரியும். பெரிய கிளப்புக்கு டெலிவிஷன் பணம் வரும். கடலைக்காரருக்கு யார் தருவார்கள்?

சென்னை அணி வந்தது தெரியுமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொல்கத்தாவின் இரண்டு பெரிய அணிகளும் கோவாவில் ஆடிக்கொண்டிருக்க, 2021 ஜனவரி 9-ந் தேதி முதல் ஐ-லீக் போட்டிகள் கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் நடந்தன. நாடெங்கும் இருந்து அணிகள் வந்தன. சென்னை சிட்டி அணியும் வந்தது. லேக் மார்க்கெட் பக்கம் வாழும் தமிழர்கள் பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் நம் பையன்கள் பந்து உதைத்தார்கள். ஆனால் பார்க்க முடியவில்லை. கதவு எல்லோருக்கும்தான் பூட்டியிருந்தது. தன் அணி கோவாவில். தன் ஊரில் ஆடியதோ பிறர் அணி. இரண்டையும் பார்க்க முடியாமல் தவித்தான் கொல்கத்தா ரசிகன்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அப்போது மோகன் பகான் ஆட்டக்காரர். 2020 நவம்பர் 20-ந் தேதி, சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அடிபட்டுப் போகிற ஆட்டக்காரரை எழுந்து நின்று கைதட்டி அனுப்புவது காலரியின் மரியாதை. அவருக்கு அன்று அதுகூடக் கிடைக்கவில்லை.

2022 ஜனவரி 29-ந் தேதி கியான் நசிரி என்ற இளைஞர், மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக 3 கோல் போட்டார். அவருடைய தந்தை ஜம்ஷீத் நசிரி, ஈரானில் இருந்து வந்து கொல்கத்தா மைதானங்களைக் கலக்கியவர். தந்தை கேட்ட ஆரவாரத்தை மகன் தன் வாழ்வின் பெரிய நாளில் கேட்கவில்லை.

குரல் இல்லாத நேரத்தில்

கதவு பூட்டியிருந்த காலத்தில்தான் பெரிய மாற்றங்களும் நடந்தன. 2020-ல் ஏ.டி.கே. அணியுடன் மோகன் பகான் இணைந்தது. கிளப் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டது. பல ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைச் சொல்ல ஏழை ரசிகனுக்கு உள்ள ஒரே இடம் காலரி. அங்கே போக வழி இல்லை. கூட்டம் திரும்பி வந்த பிறகுதான் அந்தக் குரலுக்குப் பலம் வந்தது. 2023 மார்ச்சில் அந்த மூன்று எழுத்து நீக்கப்படும் என்று முதலாளியே அறிவித்தார்.

கட்டுப்பாடு தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூட்டத்தின் ஆபத்தை கொல்கத்தாவுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் கார்டனில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் நெரிசலில் சிக்கி 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ரத்த தானம் செய்து அவர்களை நினைக்கிறார்கள். ஆட்டத்தைவிட உயிர் பெரிது என்பது தெரிந்த ஊர் அது. அதனால்தான் இரண்டரை ஆண்டு பொறுத்துக்கொண்டது.

மறுபடி கேட்ட ஆரவாரம்

2021 நவம்பரில் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி, ரெயில்வே அணியை 1-0 என்று வென்று, 40 ஆண்டுக்குப் பிறகு கல்கத்தா லீக் பட்டம் பெற்றது. தோற்றாலும் ரெயில்வே பையன்கள் இறுதிவரை வந்ததே பெருமை. 1958-ல் ஈஸ்டர்ன் ரெயில்வே இதே பட்டத்தை வென்றதை மூத்த ரெயில்வே ஊழியர்கள் இன்றும் சொல்வார்கள்.

பிறகு 2022 ஆகஸ்டு 28-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. துராந்த் கோப்பை. சால்ட் லேக்கில் இரண்டு அணிகளும் ரசிகர்கள் முன்னால் மீண்டும் சந்தித்தன. இரு நிறக் கொடிகளும் வெள்ளமாக வந்தன. ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர் மேல் பட்டு அவர்கள் கோலுக்குள்ளேயே பந்து போனது. மோகன் பகான் 1-0 என்று ஜெயித்தது.

தோற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நடுவரைத் திட்டினார்கள். அதற்கும் டிக்கெட் வாங்கி உள்ளே போயிருக்க வேண்டும் அல்லவா? வீட்டு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து திட்டினால் யார் காதில் விழும்?

அன்று இறாலுக்கு விலை ஏறியிருக்கும். கடலைக்காரரின் கூடையும் காலியாகியிருக்கும்.