இதயச் செல்லின் மின்கணக்கு

ஸ்ரீசித்திரா மருத்துவமனையைத் திருவனந்தபுரம் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்குத் துணையாக அங்கே போய் நிற்காத வீடு நம்மில் குறைவு. அப்படி நிற்கும்போது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: "அண்ணாச்சி, வால்வுதான் மாத்தியாச்சுல்லா, பெறகு எதுக்கு மாத்திரைய மாத்தும்போதெல்லாம் ஈசிஜி எடுக்காங்க?" நான் மருத்துவன் அல்லன், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி இயற்பியல்தான்.

டாக்டர் எம்.எஸ். வல்லியத்தான் தலைமையில் இங்கே உருவான சித்திரா வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் அதை இயந்திரத்தில் வைத்துக் கோடிக்கணக்கான முறை திறந்து மூடிப் பார்த்தார்கள். வால்வு கையில் பிடிக்கக்கூடிய பொருள், அதனால் அது முடிந்தது. இதயத்தின் மின்சாரத்தை எப்படிச் சோதிப்பது? உயிருள்ள மனித இதயச் செல் சுலபமாகக் கிடைக்காது. கிடைத்தாலும் அதிக நேரம் தாங்காது. ஆகவே செல்லையே சமன்பாடுகளாக எழுதி, கம்ப்யூட்டருக்குள் துடிக்க வைக்கிறார்கள்.

நம் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர் டாங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம்தான் செல்லின் மின்னழுத்தம். ஓய்வில் செல்லின் உட்புறம் வெளியைவிட ஏறக்குறைய 85 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். சோடியம் குழாய் திறந்தால் ஓரிரு மில்லிசெகண்டில் மட்டம் சுழியத்தைத் தாண்டி மேலே பாய்கிறது. உடனே அந்தக் குழாய் தானாக அடைபடும். பிறகு கால்சியம் உள்ளே வர, பொட்டாசியம் வெளியே போக, வரவும் செலவும் கிட்டத்தட்ட சமமாகிக் கொஞ்ச நேரம் மட்டம் அப்படியே நிற்கும். கடைசியில் பொட்டாசியம் கை ஓங்கி, பழைய நிலைக்கு இறங்கும். எல்லாம் சேர்த்து சுமார் 0.3 செகண்ட். நரம்பில் இதே வேலை ஓரிரு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். இதயம் ஏன் இழுத்தடிக்கிறது? ஒரு சுருக்கம் முடியுமுன் அடுத்த தூண்டுதல் உள்ளே புகுந்துவிடக் கூடாது, அதற்குத்தான்.

இதில் வேடிக்கை, குழாயைத் திருக ஆள் கிடையாது. மட்டம்தான் குழாய்களைத் திறக்கிறது. குழாய்கள்தான் மட்டத்தை மாற்றுகின்றன. இந்தச் சுழலை முதலில் கணக்காக்கியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், 1952இல். அவர்கள் ஆராய்ந்தது கணவாயின் நரம்பை (விழிஞ்ஞத்தில் நாம் வாங்குகிற கணவாய்க்குச் சொந்தக்கார இனம்தான்). கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில், ஒரு கண நேரத்துக்கான மின்னோட்டத்தைக் கூட்டி, மட்டம் எவ்வளவு மாறும் என்று பார்த்து, மறுபடி அடுத்த கணத்துக்கு, இப்படியே போட்டார்கள்.

1960இல் டெனிஸ் நோபிள் என்ற லண்டன் ஆராய்ச்சி மாணவர் இதை இதயத்துக்குக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் நேரம் கேட்டபோது, "உன் சமன்பாட்டில் தாளம் போடும் பகுதி எங்கே?" என்று கணிதக்காரர்கள் மடக்கினார்களாம். அப்படித் தனியாக ஒன்று இல்லை. குழாய்களின் கொடுக்கல் வாங்கலிலேயே தாளம் பிறந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

நெடுங்காலம் கினிப்பன்றி போன்ற விலங்குகளின் செல்களை வைத்தே கணக்குப் போட்டார்கள். மனித இதயக் கீழறைச் செல்லுக்கென்று டென் டுஷர் குழுவினர் 2004இல் ஒரு மாதிரி தந்தார்கள். 2011இல் வந்த ஓஹாரா–ரூடி மாதிரி, நோயில்லாத 100க்கும் மேற்பட்ட மனித இதயங்களிலிருந்து எடுத்த அளவுகளைக் கொண்டது.

இனி மாத்திரைக்கு வருவோம். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து ஒருகாலத்தில் பரவலாக விற்றது. அது பொட்டாசியம் குழாய் ஒன்றை அடைத்தது. எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் உடம்பில் அதன் அளவு ஏறிவிடும். மட்டம் இறங்கத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் கால்சியம் குழாய் மறுபடி திறந்து, வேண்டாத துடிப்பு கிளம்பலாம். உயிர்கள் போயின, 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது.

அப்படியானால் பொட்டாசியம் குழாயை அடைக்கிற மருந்தெல்லாம் ஆபத்தா? இல்லைங்க. வெராபமிலும் அதே குழாயை அடைக்கிறது. ஆனால் கால்சியம் குழாயையும் சேர்த்து அடைப்பதால், வரவும் குறைந்து கணக்கு நேராகிவிடுகிறது. ஒரு குழாயை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, மொத்த வரவு செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டலைச் செய்யத்தான் மாதிரி. 2013இல் தொடங்கிய சிப்பா என்ற பன்னாட்டு முயற்சி, புது மருந்துகளை இப்படிக் கணக்கிலும் சோதிக்க ஓஹாரா–ரூடி மாதிரியை எடுத்துக்கொண்டது.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. செல்களைப் பின்னிய பரப்பில் மின்னலை சுழிபோல் சுற்றிச் சிதறினால் இதயம் வெறுமனே நடுங்கும், இரத்தம் போகாது. வலைபோன்ற கோடுகளில் சிறு மின்துடிப்புக் கொடுத்து அந்தச் சுழிகளை அடக்கலாம் என்று சிதப்ர சின்ஹா, அஸ்வின் பாண்டே, பெங்களூர் ராகுல் பண்டிட் ஆகியோர் 2001இல் கணக்கில் காட்டினார்கள். சின்ஹா பின்னர் சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றினார்.

மாதிரியிலுள்ள செல் ஒரு சராசரி செல். நம் வீட்டு ஆச்சியின் செல் அல்ல. பெண்களுக்கு இந்த மின் இறக்கம் இயல்பிலேயே சற்று நீளம், ஆகவே இத்தகைய மருந்துகளில் ஆபத்தும் கூடுதல். வயிற்றுப்போக்கிலோ, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையாலோ பொட்டாசியம் குறைந்திருந்தால் இன்னும் கூடும். ஈசிஜியில் க்யூடி என்று அளக்கிறார்களே, அது இந்த நீளத்தைத்தான். புது மாத்திரை எழுதும்போது டாக்டர் அதைப் பார்ப்பது அதனால்தான். வீட்டில் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டையும் அப்போது கையில் கொண்டு போங்கள்.