ஒளி கொள்ளும் வில்லை

அகல் விளக்கருகே அமர்ந்து கதை சொல்லும் பாட்டியைப் படம் எடுக்க விழைகிறான் ஒரு மாணவன். பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்தினால் அகலொளியின் அழகு கெடும். இன்றேல் ஒளி போதாமல் படம் கலங்கும். இவ்விடரை நீக்க வல்லது குவியத் தூரம் மாறாத 50 மில்லிமீட்டர் வில்லை. இதன் அமைப்பு எளிது; ஆதலின் விலையும் குறைவு.

இதன் துளை எஃப் 1.8 அளவிற்கு விரியும். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்த ஈவே இவ்வெண். எண் சிறுத்தால் துளை பெருக்கும். 1.8இல் விட்டம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். குவியத் தூரம் மாறும் எளிய வில்லைகள் பல 5.6 அளவே விரியும். அப்போது விட்டம் 9 மில்லிமீட்டரே. விட்டம் மும்மடங்காயின் பரப்பு ஒன்பது மடங்காகும். எனவே, 1/10 நொடி வேண்டிய படம் 1/90 நொடியில் முடியும். பாட்டி சிறிது அசைந்தாலும் முகம் கலங்காது. 1840ஆம் ஆண்டில் வியன்னாவில் யோசப் பெட்சுவால் வகுத்த வில்லையும் அகன்ற துளையாலேயே முகப்படக் கலையை வளர்த்தது.

ஆயினும், துளை விரிய விரியத் தெளிவாகத் தோன்றும் ஆழம் குறையும். பின்புறம் மங்கி முகம் எடுப்பாகத் தோன்றுவதும் இதனால். மூக்கு தெளிந்து கண் மங்கிவிடுவதும் இதனால். ஆகவே, கண்ணைக் குறித்தே வில்லையைத் திருத்துதல் வேண்டும். இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்தால் துளையைச் சுருக்குதல் நன்று. ஒளியை மிகுதியாகப் பெறும் வில்லை, கருத்தையும் மிகுதியாக வேண்டும்.